மடிக்கணினி விசிறி பழுது

மடிக்கணினி விசிறி பழுது என்பது, மடிக்கணினியினுள் உண்டாகும் வெப்பத்தை வெளியேற்றும் சிறு விசிறி சுழலாமல் நின்றுபோவதைக் குறிக்கும். விசிறி நின்றவுடன் கணினி நின்றுவிடுவதில்லை. முதலில் வேகம் குறையும். பிறகு அடிப்பகுதி சுடும். இறுதியில் எந்த அறிவிப்பும் இன்றி அணைந்துவிடும். இதை நச்சுநிரலின் வேலை என்று எண்ணி விண்டோசை மீண்டும் நிறுவுவோர் பலர். அதனால் பயன் ஒன்றும் இல்லை.

விசிறியின் பணி

மையச் செயலகத்தின் மேல் ஒரு செப்புத் தகடு அழுத்தமாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து தட்டையான வெப்பக்குழாய் கணினியின் ஓரம் வரை செல்லும். குழாயினுள் காற்று நீக்கப்பட்டுச் சிறிதளவு நீர்மம், பெரும்பாலும் நீரே, அடைக்கப்பட்டிருக்கும். அது சூடான முனையில் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து மீண்டும் நீர்மமாகித் திரும்பும். அந்த மறுமுனையில் சீப்பின் பற்கள் போல மெல்லிய உலோகத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். விசிறி காற்றை இழுத்து இத்தகடுகளின் இடையே செலுத்துகிறது. காற்று நகராவிட்டால் குழாய் கொண்டுவந்த வெப்பம் அங்கேயே தேங்கும். மையச் செயலகம் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாதபோது கணினி அணைந்துவிடும். இது கணினி தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு. ஆனால் அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்புக்கு அப்பாதுகாப்பு இல்லை.

ஆகவே பழுது பார்க்கும் முன் செய்ய வேண்டியது, திட்டப்பணி, ஒளிப்படங்கள் முதலியவற்றை வெளி நினைவகத்தில் நகலெடுப்பதே. கணினியை மேசை விசிறியின் முன் வைத்து, சிறிது சிறிதாக, இடையிடையே ஆறவிட்டு இதைச் செய்யலாம்.

நின்றுவிட்டதா, ஓய்வில் உள்ளதா

சூடு குறைவாக இருக்கும்போது பல கணினிகள் விசிறியை நிறுத்தியே வைக்கும். 2020இல் வெளிவந்த எம்1 சில்லு கொண்ட மேக்புக் ஏர் போன்றவற்றில் விசிறியே கிடையாது. எனவே ஓசை வரவில்லை என்பது மட்டும் சான்றாகாது. கணினிக்குச் சற்றுக் கனமான வேலை கொடுத்து, காற்று வெளியேறும் துளையருகே மெல்லிய காகிதத் துண்டைப் பிடிக்க வேண்டும். காகிதம் அசையாமல், ஓசையும் இல்லாமல், அடிப்பகுதி மட்டும் சுட்டால் விசிறி நின்றுவிட்டது எனக் கொள்ளலாம். ஓசை இருந்தும் காகிதம் அசையாவிட்டால் விசிறி நலமாகவே உள்ளது. உலோகத் தகடுகளின் வாயில் தூசி கம்பளிபோல் படிந்து அடைத்திருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் புதிய விசிறி வாங்குவது வீண் செலவு.

விசிறிக்குச் செல்லும் கம்பிகளில் இரண்டு மின்சாரத்துக்கானவை. மற்றொன்று சுழற்சி வேகத்தைத் தாய்ப்பலகைக்குத் தெரிவிக்கும். இச்செய்தி வராதபோது சில கணினிகள் தொடங்கும்போதே பிழை காட்டும். திங்பேட் கணினிகளில் விசிறிப் பிழை என்ற ஆங்கில வரியும், ஹெச்பி கணினிகளில் 90பி என்ற குறியும் தோன்றுவது இதனாலேயே.

சரிசெய்தல்

பெரும்பாலான மடிக்கணினிகளில் விசிறியை ஆள்வது விண்டோஸ் அன்று. தாய்ப்பலகையில் உள்ள தனிக் கட்டுப்பாட்டுச் சில்லு. அது சில வேளை தடுமாறும். கணினியை அணைத்து, மின்னேற்றியைக் கழற்றி, கழற்றக்கூடிய மின்கலமாயின் அதையும் எடுத்துவிட்டு, மின்பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் பல கணினிகளில் அச்சில்லு மீளத் தொடங்கும். திருப்புளியை எடுக்குமுன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

அடிமூடியைத் திறந்தால் முதலில் மின்கல இணைப்பைப் பிரிக்க வேண்டும். மின்கலம் உப்பியிருந்தால் அதைத் தொடாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே முறை. தூசியை மென்தூரிகையாலும் ஊதுபுட்டியாலும் நீக்கலாம். அப்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். வேகமாக ஊதிச் சுழலவிட்டால் தாங்கி கெடும். வண்டிக்குக் காற்றடிக்கும் குழாயில் ஈரமும் வரும் என்பதால் அது வேண்டாம்.

பிறகு விரலால் விசிறியை மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுழன்று மெதுவாக நின்றால் தாங்கி நன்று. இறுக்கமாக இருந்தால் தாங்கி உலர்ந்துள்ளது. தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி சில வாரங்களுக்குக் கைகொடுக்கலாம். தேங்காய் எண்ணெய் கூடாது. 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். தமிழ்நாட்டில் 2011 முதல் வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் முதல் தொகுதியைச் சேர்ந்தவை இன்றும் பயன்பாட்டில் இருந்தால், அவ்வளவு பழைய விசிறிக்கு எண்ணெயைவிட மாற்று விசிறியே ஏற்றது.

புதியது வாங்கும்போது கணினியின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. விசிறியின் மேல் ஒட்டியுள்ள பகுதி எண், வோல்ட் அளவு, இணைப்பியின் ஊசிகளின் எண்ணிக்கை மூன்றும் பொருந்த வேண்டும். பெரும்பாலானவை 5 வோல்ட். விளையாட்டுக் கணினிகள் சிலவற்றில் 12 வோல்ட். சில மாதிரிகளில் வெப்பக்குழாயையும் சேர்த்தே கழற்ற நேரும். அப்படியானால் பழைய வெப்பப் பசையைத் துடைத்தெடுத்து, புதிய பசையைப் பயறளவு இட வேண்டும்.

புதிய விசிறியும் சுழலாவிட்டால் குறை தாய்ப்பலகையில், விசிறிக்கு மின்சாரம் தரும் பகுதியில் இருக்கும். அதைப் பல்மானி கொண்டு சோதித்துப் பற்றவைப்பது பயிற்சி பெற்றவரின் வேலை.