பாட்சி கிளைனின் 12 பாடல்கள்

அமெரிக்கப் பாடகி பாட்சி கிளைன் 1963 மார்ச்சில் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 30. நான்கு ஆண்டுகள் கழித்து, அவருடைய புகழ்பெற்ற 12 பாடல்களை ஒரே இசைத்தட்டாக வெளியிட்டது டெக்கா நிறுவனம். அமெரிக்காவில் மட்டும் அதன் விற்பனை ஒரு கோடியை எட்டியது.

அதில் 'கிரேஸி' பாடலை அவசியம் கேளுங்கள். எழுதியவர், அப்போது நாஷ்வில் நகருக்குப் புதியவரான வில்லி நெல்சன். 1961 ஜூனில் நடந்த கார் விபத்தின் காயம் ஆறுமுன்பே, ஊன்றுகோலுடன் ஒலிப்பதிவுக்கு வந்தார் பாட்சி. விலா எலும்பு வலியால் மேல் ஸ்தாயிக்கு மூச்சு எட்டவில்லை. தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி அன்று இசையை மட்டும் பதிவுசெய்துகொண்டார். சில வாரங்களில் திரும்பி வந்த பாட்சி, ஒரே டேக்கில் பாடி முடித்தார். அழுகையை அடக்கிக்கொண்டு பேசுவது போன்ற அந்த நிதானம் அபூர்வமானது!

கன்ட்ரி இசையில் வளர்ந்தவரின் அந்தப் பாடல், பாப் பட்டியலிலும் முதல் பத்துக்குள் நுழைந்தது. கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் தனிப் பாடகியாக இடம்பெற்ற முதல் பெண்ணும் அவரே; அது 1973-இல்.