குத்தின் வன்மையை அளத்தல்

குத்துச்சண்டை வரலாற்றிலே மிக வலிய குத்தினையுடையார் யாவர் என்னும் வினா பழையது. விடையோ இன்றுவரை ஒருமுகப்படவில்லை. அமெரிக்காவில் 1922ஆம் ஆண்டு தோன்றிய 'த றிங்' என்னும் சஞ்சிகை 2003ஆம் ஆண்டிலே நூறு வீரரை இது குறித்து வரிசைப்படுத்தி வெளியிட்டது. அதில் ஜோ லூயிஸ் முதலாமிடத்தையும், சாம் லாங்போர்ட் இரண்டாமிடத்தையும், ஜிம்மி வைல்ட் மூன்றாமிடத்தையும் பெற்றனர். ஜோர்ஜ் போர்மனுக்குக் கிடைத்தது ஒன்பதாமிடம். மைக் ரைசனுக்குப் பதினாறாமிடம்.

இவ்வரிசையை முதன்முதற் காண்பவர் மூன்றாம் பெயரிலே தயங்கி நிற்பர். வேல்ஸ் நாட்டினரான வைல்ட் 108 இறாத்தல் நிறையைத் தாண்டியது அரிது. போர்மனோ, 1973ஆம் ஆண்டு ஜமேக்காவின் கிங்ஸ்ரன் நகரிலே ஜோ பிறேசியரை இரண்டு சுற்றுக்குள் ஆறு முறை நிலத்தில் வீழ்த்தியபோது, 217 இறாத்தல் நிறையுடையவராயிருந்தார். தம்மில் இரு மடங்கு பாரமுடைய ஒருவரிலும் வைல்ட் வலிமையாகக் குத்தினார் என்பது பொருளாயின் அது நம்பற்பாலதன்று. தம் நிறைக்கு ஏற்ப நோக்குமிடத்து அவர் குத்து வியக்கத்தக்கது என்பதே பொருளாயின், அவரையும் போர்மனையும் ஒரே ஏணியில் நிறுத்துதல் எங்ஙனம் பொருந்தும்? வினா ஒன்றுபோலத் தோன்றினும் அதனுள்ளே பல வினாக்கள் மறைந்துள்ளன.

முதலாவது, விசை பற்றிய வினா. குத்தின் தாக்கம் முட்டியின் வேகத்தை மாத்திரமன்றி, அதன் பின்னே வந்து சேரும் திணிவையும் பொறுத்தது. பாதம் நிலத்தை உந்த, இடுப்புந் தோளுந் திரும்ப, மோதுங் கணத்தில் மணிக்கட்டு இறுகுமாயின், உடலின் ஒரு பங்கு முட்டியோடு சேர்ந்து மோதுகின்றது. பருத்த புயமுடையாரெல்லாம் வன்குத்தினராகாமைக்கு இதுவே காரணம்.

இதனை அளந்தறிய முயன்ற ஆராய்ச்சியொன்று 1985ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையிலே வெளியாயிற்று. ஆராயப்பட்டவர் இங்கிலாந்தின் அதிபார வீரர் பிராங் புறூனோ. மெத்தை பொதிந்த ஓர் இலக்கினை ஊசல்போலத் தொங்கவிட்டு, அதனைக் குத்துமாறு அவர் பணிக்கப்பட்டார். அவர் முட்டி பத்திலொரு செக்கனுள் ஏறத்தாழ அரை மீற்றர் தூரஞ் சென்று, செக்கனுக்கு 8.9 மீற்றர் வேகத்துடன் மோதியது. உச்ச விசை ஏறக்குறைய 0.4 தொன். ஆறு கிலோகிராம் திணிவுடைய, பொதிந்த மரச் சம்மட்டியொன்றை மணிக்கு 20 மைல் வேகத்தில் வீசினால் விளையுந் தாக்கத்துக்கு இது நிகர் என ஆய்வாளர் கணித்தனர். தலைக்கு ஈடாகத் தொங்கிய இலக்குப் பெற்ற ஆர்முடுகல் புவியீர்ப்பினாலாவதன் 53 மடங்காகும்.

இவ்வளவு துல்லியமான எண்கள் இருந்தும் வழக்குத் தீர்ந்தபாடில்லை. லூயிசின் காலத்திலோ லாங்போர்டின் காலத்திலோ இத்தகைய அளவைகள் இல்லாமையால், புறூனோவின் எண்ணை ஒப்பிட மற்றோர் எண் இல்லை. அன்றியும், வீழ்த்துவது விசை மாத்திரமன்று. தாடையின் ஓரத்திற் படுங் குத்து, நெம்புகோல்போலத் தலையைச் சடுதியிற் சுழற்றுகின்றது. மண்டையோடு திரும்பிய பின்னரே மூளை திரும்புவதால் நினைவு தவறுகின்றது. வருவதைக் காணாதவனின் கழுத்துத் தசைகள் இறுகாமையின், காணாத குத்தே பெருங்கேடு விளைக்கும். லூயிஸ் 1938ஆம் ஆண்டு மக்ஸ் ஷ்மெலிங்கை 124 செக்கனில் முடித்தமைக்கு அவர் கைவலி மாத்திரமன்றி, குறுகிய தூரத்திற் குறிதவறாது செலுத்திய திறனுங் காரணமாம்.

இனி, வீழ்த்திய தொகையைக் கொண்டு வரிசைப்படுத்துவாரும் உளர். அவ்வாறாயின் 130க்கு மேற்பட்டோரை நொக்கவுட் செய்த ஆர்ச்சி மூர் தலைவராவார். ஆனால் அவர் 1930கள் முதல் 1963 வரை இருநூறுக்கு மேற்பட்ட போட்டிகளில் நின்றவர். விகிதத்தை நோக்கின் 49 போட்டிகளில் 43ஐ அவ்வாறு முடித்த றொக்கி மார்சியானோ மேம்படுவார். எனினும் விகிதம் எதிரிகளின் தகுதியைப் பொறுத்தது. மார்சியானோவின் புகழ் அவ்விகிதத்திலன்றி, 1952இல் பிலடெல்பியாவிலே ஜேர்சி ஜோ வோல்கொட்டுக்கு எதிராகப் புள்ளிகளிற் பின்தங்கியிருந்தும் பதின்மூன்றாஞ் சுற்றிலே செலுத்திய ஒரு வலக்கைக் குத்திலே தங்கியுள்ளது. விதிகளும் ஒருபடித்தாக இருந்தனவல்ல. 1919இல் ஜக் டெம்ப்சி, ஜெஸ் வில்லாட்டை முதற்சுற்றில் ஏழு முறை வீழ்த்தியபோது, விழுந்தவர் எழும்வரை அருகிலேயே நின்று மீண்டுங் குத்துதற்கு அக்கால வழக்கு இடந்தந்தது.

எஞ்சியது குத்துண்டார் வாய்மொழி. பலர்க்கும் எதிரே நின்றவர் இருவரை ஒப்பிட்டுக் கூறுஞ் சொல், எண்களிலும் மதிக்கத்தக்கது. லறி ஹோம்ஸ் 1979இல் ஏர்ணி ஷேவேர்சையும், 1988இல் ரைசனையும் எதிர்த்தவர். ரைசன் அவரை நான்காஞ் சுற்றில் முடித்தார்; ஷேவேர்ஸ் ஏழாஞ் சுற்றில் வீழ்த்தியும், ஹோம்ஸ் எழுந்து பதினோராஞ் சுற்றில் வென்றார். அவ்வாறிருந்தும், தாம் உண்ட குத்துக்களில் வலியது ஷேவேர்சினதே என்றார் ஹோம்ஸ். 1977இல் ஷேவேர்சுடன் பதினைந்து சுற்றும் பொருது வென்ற முகம்மது அலி, அக்குத்து ஆபிரிக்காவிலுள்ள தம் உறவினரையும் அசைத்தது என நகையாடினார். வென்றவர்கள் தோற்றவனுக்கு அளித்த சான்றாதலின் இதிற் பொய்ம்மை குறைவு. ஆகவே, தனி வலிமைக்கு ஷேவேர்சும் போர்மனும், நிறைக்கேற்ற வலிமைக்கு வைல்ட்டும், வலிமையைப் பயன்செய்த திறனுக்கு லூயிசும் என மூன்று வரிசை வகுத்தலே தகும். மூன்றையும் ஒன்றாக்கிய வரிசை விவாதத்துக்கு உதவுமேயன்றி அறிவுக்கு உதவாது.

ஆயின் வாய்மொழிச் சான்றுக்கும் ஓர் இடர் உண்டு. குத்துண்ட தலையே சான்று கூற வேண்டியது. பலகாலம் அடியுண்ட வீரரிடம் தோன்றும் தள்ளாட்டத்தையும் புத்தி மாறாட்டத்தையும் அமெரிக்க மருத்துவர் ஹரிசன் மார்ட்லண்ட் 1928ஆம் ஆண்டிலேயே விவரித்தார். ஷேவேர்சை 1973ஆம் ஆண்டு முதற்சுற்றிலேயே தோற்கடித்த ஜெறி குவாரி, அலியோடும் பிறேசியரோடும் இவ்விரு முறை பொருதவர். அக்காலத்துப் பெருங்குத்தினரை ஒப்பிட்டுரைக்க அவரினுந் தகுதியுடையார் சிலரே. அவர் தம் இறுதியாண்டுகளில் நினைவு சிதைந்து, உடுக்கவும் உண்ணவும் பிறர் துணை வேண்டியவராய், உறவினர் பராமரிப்பில் வாழ்ந்து, 1999ஆம் ஆண்டு சனவரியிலே தமது 53ஆம் வயதில் இறந்தார்.