மழை குறைந்தால் சண்டை வருமா?

வாய்க்கால் தண்ணீருக்காக மண்வெட்டியைத் தூக்கியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். "மழை பொய்த்துப் போச்சு, அதான் அடிதடி" என்றும் சொல்லிவிடுகிறோம். அது எவ்வளவு தூரம் சரி? ஆப்பிரிக்காவில், சூடான் நாட்டின் மேற்கே இருக்கிற டார்பூர் பகுதியில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

வட டார்பூரில் எல் பாஷர் என்று ஓர் ஊர். சுற்றுவட்டாரத்தில் கம்புதான் முக்கியப் பயிர். ஒட்டகம் மேய்ப்பவர்கள் பருவந்தோறும் வடக்கேயிருந்து மந்தையோடு இறங்கி வருவார்கள். அறுவடையான கொல்லையில் தாளை மேயும், சாணம் மண்ணுக்கு. நம்ம ஊரில் கிடை போடுகிற மாதிரிதான். மந்தை போக வரத் தனிப் பாதையே விட்டிருந்தார்கள். பயிரை மிதித்துவிட்டால் இரு தரப்புப் பெரியவர்களும் உட்கார்ந்து நஷ்டஈடு பேசி முடிப்பார்கள்.

1946 முதல் 1975 வரை எல் பாஷரில் ஆண்டுச் சராசரி மழை 272 மில்லிமீட்டர். அடுத்த 30 ஆண்டுகளின் சராசரி 179 தான். மூன்றில் ஒரு பங்கு போச்சு! 1984-ல் கொடிய பஞ்சம். விளைச்சல் குறைந்ததால் குடியானவர்கள் கூடுதல் நிலத்தை உழுதார்கள். மந்தைப் பாதையும் கொல்லையாச்சு. சுற்றி முள்வேலி போட்டார்கள். தாகத்தோடு வந்த மந்தை வேலியைப் பார்த்தால் சும்மா இருக்குமா?

இதுவரை மழை செய்த வேலை. ஆனால், 2003-ல் மூண்ட போரையும் மழையின் தலையில் கட்டுவது தப்பு என்பது என் அபிப்பிராயம். அதற்குச் சற்று முந்தைய ஆண்டுகளில் மழை புதிதாகக் குறைந்துவிடவில்லை. தங்கள் பகுதியைப் புறக்கணிக்கிறார்கள் என்று சிலர் கிளர்ச்சி செய்ய, அதை அடக்க அரசாங்கம் மேய்ச்சல்காரர்களில் சில கூட்டத்தாருக்குத் துப்பாக்கி கொடுத்தது. பெரியவர்கள் பேசித் தீர்த்த தகராறு, ஊர் கொளுத்தும் சண்டையாச்சு. சுமார் 3 லட்சம் பேர் மாண்டதாக ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீடு.

அப்படிப்பட்ட இடத்திலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. எல் பாஷர் பக்கம் ஓடும் காட்டாறு வாதி எல் கு. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் வரும். 2013-க்குப் பின், ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் உதவியோடு அதன் குறுக்கே தாழ்வான அணைகள் கட்டினார்கள். தண்ணீரைத் தேக்குகிற அணை அல்ல, கவனியுங்கள். வெள்ளத்தின் வேகத்தை மட்டுப்படுத்தி, இருபுறமும் வயலில் பரவவிடுகிற அணை. வண்டல் படியும், மண் ஈரம் குடிக்கும், தண்ணீர் வடிய வடிய விதைக்கலாம். எனக்கு இதைவிடப் பெரிதாகப்படுவது, யாருக்குத் தண்ணீர், மந்தை எந்த வழி போகும் என்று பேசக் குடியானவரையும் மேய்ச்சல்காரரையும் ஒரே குழுவில் உட்காரவைத்ததுதான்.

2023 ஏப்ரலில் ராணுவத்துக்கும் துணைப்படைக்கும் போர் மூண்டது. இதற்கும் மழைக்கும் சம்பந்தமில்லை. நாட்டை ஆள இரண்டு தளபதிகள் போட்ட போட்டி. நெடுநாள் முற்றுகைக்குப் பின் 2025 அக்டோபரில் எல் பாஷர் துணைப்படையிடம் வீழ்ந்தது. அந்த வட்டாரத்து ஜனங்கள் லட்சக்கணக்கில் மேற்கே தவீலாவுக்கு ஓடினார்கள், பலர் கால்நடையாகவே.