உங்களுக்குத் தெரியுமா? சிறைச் சோற்றுக்குப் பணம் கட்டுபவர் கடன் கொடுத்தவர்!

இந்தியாவில் இன்றும் கடனுக்காக ஒருவரைச் சிறையில் அடைக்கலாம். ஆனால் அங்கே அவருடைய சாப்பாட்டுச் செலவைக் கட்ட வேண்டியவர், வழக்குப் போட்டு அவரை உள்ளே தள்ளியவர்தான். மாதா மாதம் முன்கூட்டியே கட்ட வேண்டும். தவறினால் கைதி விடுதலை.

• இது 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம். டிக்ரி (கடனைக் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பு) தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் அதிகபட்சம் 3 மாதச் சிறை. 2,000 ரூபாய் வரை சிறையே கிடையாது. பண டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது.

• வெளியே வந்தாலும் கடன் தீராது. அதே டிக்ரிக்காக மறுபடி பிடிக்க முடியாது, அவ்வளவுதான்.

• இந்தச் சட்டத்துக்கு முன்பும் கடனுக்குச் சிறை உண்டு. 1830-களில் டெல்லியில் மிர்சா காலிப் மீதே கடன் டிக்ரி ஆனது. கைதுக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தார், உருதுவின் அந்த மாபெரும் கவிஞர்.

• இந்திய உச்ச நீதிமன்றம் 1980-இல் ஒரு பெரிய நியாயம் செய்தது. கொச்சின் வங்கிக்கு எதிராக ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் தொடுத்த மேல்முறையீடு அது. கையில் பணமில்லை என்பதற்காக மட்டும் யாரையும் சிறைக்கு அனுப்பக் கூடாது என்றார் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். வசதி இருந்தும் நேர்மையின்றி ஏய்ப்பவரை அடைக்கலாம். ஏழையை அடைப்பது, கண்ணியமாக வாழும் உரிமை தரும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவுக்கே விரோதம்.