உஷார்! மிளகுச் செடி என்று எதை வாங்குகிறீர்கள்?

நங்கநல்லூர்க்காரர்களே, "மாடித் தொட்டியிலேயே மிளகு காய்க்கும்" என்று சொல்லி மினி வேனில் கொண்டுவந்து விற்கும் கன்றுக்கு உடனே பணத்தை நீட்டிவிடாதீர்கள். தொட்டியில் மிளகு காய்க்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கன்று கொடியின் எந்தப் பகுதியில் வெட்டியது என்பதைப் பொறுத்தே அது நடக்கும்.

மிளகுக் கொடியின் அடியிலிருந்து தரையில் படர்வது ஓடுகொடி. மரத்தைப் பற்றி மேலே போவது ஏறுதண்டு. அதிலிருந்து பக்கவாட்டில் பிரிவது காய்ப்புக் கிளை. நாற்றுப்பண்ணைகளில் ஓடுகொடியை மண் தொடாமல் கழியில் சுற்றிவைத்து, பிப்ரவரி, மார்ச்சில் இரண்டு மூன்று கணுத் துண்டுகளாக நறுக்கிப் பையில் நடுவார்கள். சுலபமாக வேர் பிடிக்கும், விலையும் குறைவு. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் சில்வர் ஓக் மரங்களில் ஏறி நிற்பது இந்த வகைதான். இதற்கு ஏற மரம் வேண்டும், காய்க்க மூன்று வருடமாவது ஆகும்.

தொட்டிக்கு ஏற்றது காய்ப்புக் கிளையிலிருந்து எடுத்த செடி மிளகு, அதாவது புஷ் பெப்பர். அது ஏறாது, புதராக நின்று முதல் வருடமே சரம் விடும். ஆனால் அந்தக் கிளை லேசில் வேர் பிடிக்காது. வேர் ஊக்கியில் நனைத்து நட்டாலும் பல துண்டுகள் வீணாகும். அதனால் விலை கூடுதல். ஓடுகொடிக் கன்றை அதே பெயரில் தள்ளிவிடும் ஆசையும் அங்கேதான் வருகிறது.

கணுவைப் பாருங்கள். கணுவுக்குக் கணு பற்றுவேர் இருந்தால் அது ஏறும் கொடி. பற்றுவேர் இல்லாமல், இலைக்கு எதிரே சரம் இருந்தால் நம்பி வாங்கலாம். ஒட்டுக் கன்று என்றால் அடிக்கட்டை பெரும்பாலும் பிரேசில் திப்பிலி. வாடல் நோயைத் தாங்கும், நல்லதுதான். ஆனால் ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளாமல் விட்டால் மிளகு அமுங்கி, திப்பிலிதான் தொட்டியை நிறைக்கும்.

மளிகைக் கடை மிளகை ஊறவைத்து விதைக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பவே நம்பாதீர்கள். அது பச்சையாகப் பறித்து வெயிலில் உலர்த்தியது, முளைக்காது.

ஏமாந்த பணம் போனால் போகட்டும். எனக்குப் பெரிய பயம் நோய்தான். தாய்க்கொடியில் வைரஸ் இருந்தால் வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் அது இருக்கும், மருந்து கிடையாது. இலை சிறுத்துச் சுருங்கி, மஞ்சள் திட்டு விழுந்து, கணு இடைவெளி குறுகியிருந்தால் தொடவே வேண்டாம். அந்த வைரஸ்களில் ஒன்றை மாவுப்பூச்சி பரப்பும், அது வெற்றிலைக் கொடியையும் பிடிக்கும். பக்கத்துத் தொட்டியில் வெற்றிலை வைத்திருப்பவர்கள் நினைத்துப் பாருங்கள்! பை மண்ணில் பைட்டோப்தோரா என்ற நோய்க்கிருமி ஒளிந்திருந்தால் ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கும்போது செடி சில நாளிலேயே கருகிவிடும். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு.

கோழிக்கோட்டில் இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொடைக்கானல் கீழ்மலையில், தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லிவையுங்கள், கன்று கிடைக்குமா என்று விசாரிக்கட்டும். தெருவில்தான் வாங்குவீர்கள் என்றால், சரம் விட்ட கன்றை மட்டும் வாங்குங்கள். வாங்கியதையும் ஒரு மாதம் மற்றச் செடிகளிடமிருந்து தள்ளியே வையுங்கள்.