உண்ணும் முறையும் உடலின் கனலும்

உடம்பை இறைவன் உறையும் ஆலயமாகப் போற்றியவர்கள் நம் முன்னோர். ஆலயத்தில் அணையா விளக்கு எரிவதுபோல, இந்த உடம்புக்குள்ளும் ஒரு கனல் இரவு பகலாக எரிந்துகொண்டிருக்கிறது. உண்ட உணவைச் சக்தியாக மாற்றுவதும், நெஞ்சைத் துடிக்கச் செய்வதும், உடலின் சூட்டைக் காப்பதும் அதுவே. இன்றைய அறிவியல் இதனை வளர்சிதை மாற்றம் என்கிறது.

லிட்டில் இந்தியா வட்டாரத்து ஆலயம் ஒன்றில் அன்னதானப் பந்தியில் பரிமாறும் தொண்டர்களில் நானும் ஒருவன். "இந்தக் கனலைத் தூண்டிவிட எதைச் சாப்பிடலாம்? பச்சைத் தேநீர் குடித்தால் தொப்பை கரையுமாமே?" என்று பலரும் என்னிடம் கேட்பதுண்டு. இது வீண் கேள்வியன்று. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயதுக்குட்பட்ட சிங்கப்பூரர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 17.2 விழுக்காடு, மற்ற இனத்தவர் எவரையும்விட அதிகம். 2016இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போரையே அறிவித்தது. ஆகவே இக்கேள்விக்குச் சரியான விடை தெரிந்திருப்பது நம் குடும்பங்களுக்கு மிகவும் அவசியம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் ஒரு நாளில் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடு, சும்மா படுத்திருந்தாலும் செலவாகும். உணவைச் செரிக்க 10 விழுக்காடு போகிறது. மீதம், நடையும் வேலையும். "வயதாகிவிட்டது, அதனால்தான் உடம்பு போடுகிறது" என்கிறோம். ஆனால் 2021இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று, உடலளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால் 20 வயது முதல் 60 வயது வரை இக்கனல் பெரிதாகக் குறைவதில்லை என்று காட்டியது. அதன் பிறகே ஆண்டுக்கு ஏறத்தாழ 0.7 விழுக்காடு குறைகிறதாம். ஆகவே நடுவயதில் ஏறும் எடைக்கு வயதைக் குறை சொல்வதைவிட, தட்டையும் நடையையும் கவனிப்பதே முறை.

சரி, கோப்பி, பச்சைத் தேநீர், மிளகாய் இவற்றால் பயன் உண்டா? உண்டு, ஆனால் சிறிதளவே, அதுவும் சிறிது நேரத்துக்கே. அந்தக் கோப்பியில் கெட்டிப்பாலை ஊற்றினால் கிடைத்த இலாபத்தைவிட நஷ்டம் அதிகம். இனிப்புக் கெட்டிப்பாலில் கிட்டத்தட்டப் பாதி சர்க்கரைதான். தேக்கா உணவங்காடி நிலையத்தில் தேநீர் வாங்கும்போது "தே ஓ கோசோங்" என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இராது. அது கசக்கிறது என்பவர்கள் "சியூ தாய்" என்று சொல்லி இனிப்பைக் குறைத்துக்கொள்ளலாம். அடைக்கப்பட்ட பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதலும், கடையில் கலந்து தரும் பானங்களுக்கு 2023 டிசம்பர் 30 முதலும் நியூட்ரி-கிரேட் தரக்குறியீடு நடப்பில் உள்ளது. 'ஏ' எழுத்து நல்லது. 'டி' எழுத்தைக் கண்டால் ஒதுங்கிச் செல்லுங்கள். தாகத்துக்குத் தண்ணீரைப் போன்றது வேறில்லை.

உணவில் உண்மையாகவே உதவுவது புரதம். அது தரும் சக்தியில் 20 முதல் 30 விழுக்காடு அதனைச் செரிப்பதற்கே செலவாகிறது. மாவுச்சத்துக்கு 5 முதல் 10 விழுக்காடு. கொழுப்புக்கு 3 விழுக்காட்டுக்குள். மேலும், புரதம் தசையைக் காக்கிறது. தசை குறைந்தால் கனலும் தாழும். எனவே பருப்பு, கடலை, பயறு, தயிர் ஆகியவற்றை முதியோர் விட்டுவிடக் கூடாது. காய்கறியையும் பருப்பையும் முதலில் உண்டு சோற்றைப் பிறகு உண்டால், இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறுவதில்லை. உண்டபின் 10 நிமிடம் நடப்பதும் நன்று. தட்டில் பாதி காய்கனி, கால் பங்கு முழுதானியம், கால் பங்கு புரதம் என்பது சுகாதார மேம்பாட்டு வாரியம் காட்டும் அளவு. முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பவருக்கு மருந்தே வேண்டாம் என்பது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் காட்டும் நெறி.

விரதம் பற்றியும் ஒரு சொல். தைப்பூசத்திற்கும் தீமிதிக்கும் பலர் நாள்கணக்கில் விரதம் காக்கிறார்கள். நெடுநாள் பட்டினி கிடந்தால் உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும், தசையும் கரையும். விரதத்தின் பயன் மன ஒழுக்கம், எடை குறைப்பன்று. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். அவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே விரதம் தொடங்க வேண்டும்.

நிறைவாக, அன்னதானத்துக்கு உபயம் அளிக்கும் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள். பந்தியில் அமர்வோரில் முதியோரும் நீரிழிவு உடையோரும் இருக்கிறார்கள். கூடுதலாக ஒரு சுண்டல், இன்னொரு காய், ரோஸ் பானத்துக்குப் பதிலாக நீர்மோர், இனிப்பு கையளவு என்று உபயத்தை அமைத்தால், பசியாற்றிய புண்ணியத்தோடு நோய் தடுத்த புண்ணியமும் சேரும். அன்பர்கள் அனைவரும் நோயற்ற வாழ்வு பெற எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!