வீட்டுக்காவலும் மின்னணுக் கண்காணிப்பும்

தண்டனை பெற்றவரைச் சிறையில் அடைக்காமல் அவருடைய இல்லத்திலேயே இருத்தி, மின்னணுக் கருவியொன்றினால் கண்காணிக்கும் முறை இன்று பல நாடுகளில் வழங்கி வருகின்றது. இதற்கான ரேடியோக் கருவிகளை 1960-களிலேயே ஹார்வர்டு பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் ரால்ஃப் ஷ்விட்ஸ்கெபல் சோதித்துப் பார்த்தார். ஆயினும் 1983-ஆம் ஆண்டிலேதான், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஜாக் லவ் என்னும் நீதிபதி இதனைத் தண்டனையாக விதித்தார். ஸ்பைடர்மேன் படக்கதையொன்றைப் படித்தபோது இவ்வெண்ணம் அவருக்கு உதித்ததாம்!

கருவியின் அமைப்பு எளியது. கணுக்காலிற் பூட்டிய பட்டையிலிருந்து ஒரு சிறு ரேடியோக் கருவி, குறித்த இடைவெளிகளில் தனக்கே உரிய குறியீட்டை அனுப்பிக்கொண்டிருக்கும். வீட்டில் வைத்துள்ள ஏற்பி அதனை வாங்கித் தொலைபேசி வழியே கண்காணிப்பு நிலையத்துக்குத் தெரிவிக்கும். பட்டையினுள் ஓடும் மின்கம்பியோ ஒளியிழையோ அறுபட்டால் உடனே எச்சரிக்கை எழும். வெளியில் நடமாடுபவரைத் தொடர ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பயன்படுகின்றன. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இவற்றுள் நான்கின் அலைகளேனும் கிட்டினால்தான் இடம் சரியாகப் புலப்படும். காலக்கணக்கில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீட்டர் தவறிவிடும். உயர்ந்த சுவர்களில் மோதித் திரும்பும் அலைகளோ, வீட்டில் உறங்குபவரைத் தெருவில் நிற்பவராகக் காட்டிவிடக்கூடும்.

பெயரை அழைக்கும்போது குரல் கொடுக்காத மாணவன் வகுப்பில் இல்லை என்று ஆசிரியர் உடனே முடிவு கட்டுவதில்லை. குறியீடு நின்றுபோனாலும் அவ்வாறே. காவலிலிருப்பவர் ஓடியிருக்கலாம், பட்டையை உலோகத் தகட்டால் மூடியிருக்கலாம், மின்கலம் தீர்ந்திருக்கலாம், தொலைபேசித் தொடர்பே அற்றிருக்கலாம். இவற்றைப் பிரித்தறியும் திறனே பாதுகாப்புத் தரத்தின் உயிர்நாடி. அமெரிக்க நீதித்துறையின் தேசிய நீதி ஆய்வு நிறுவனம் 2016-ல் வெளியிட்ட தரநிர்ணயம், இடத்தைக் காட்டும் துல்லியம், பட்டையின் உறுதி, நீரையும் அதிர்ச்சியையும் தாங்கும் ஆற்றல், அலைகளை மறைக்கும் முயற்சியைக் கண்டறிதல் ஆகியவற்றுக்குச் சோதனை முறைகளை வகுத்தது.

பட்டை மட்டும் செவ்வையாக இருந்தாற் போதாது. 2010 அக்டோபரில் அந்நாட்டு நிறுவனமொன்றின் கணினியில் பதிவுகள் சுமார் 210 கோடியைத் தாண்டவே, ஏடு நிரம்பியதுபோல் அது செயலற்றது. 49 மாநிலங்களில் ஏறத்தாழ 16,000 பேரைப் பற்றிய எச்சரிக்கைகள் சுமார் 12 மணி நேரம் அதிகாரிகளைச் சென்றடையவில்லை. கால்களிலிருந்த பட்டைகளோ தம் பணியைத் தவறாது செய்துகொண்டிருந்தன!

நம் நாட்டிலும் இக்கேள்விகள் எழுந்துவிட்டன. மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு மாதிரிச் சிறைச்சட்டம், கண்காணிப்புக் கருவியை அணிய இசையும் கைதிகளுக்குச் சிறைவிடுப்பு வழங்க இடமளிக்கின்றது. அவ்வாண்டு நவம்பரில் ஜம்மு-காஷ்மீர்க் காவல்துறை, ஜாமீனில் வந்த ஒருவருக்கு நீதிமன்ற ஆணைப்படி கணுக்காற் பட்டை பூட்டியது. எனினும், ஜாமீன் பெற்றவரின் ஒவ்வோர் அசைவையும் காவல்துறை இடையறாது தொடர வகைசெய்யும் நிபந்தனை, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவுக்கு முரணானது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அன்றாடத் தொல்லை ஒன்றும் உண்டு. ஜி.பி.எஸ். பட்டையின் மின்கலத்துக்கு அடிக்கடி மின்னூட்டம் தேவை. மின்சாரம் நெடுநேரம் தடைப்படும் சிற்றூரில் பட்டை ஓய்ந்தால், அதனைக் குற்றமெனப் பதிவதற்கு முன் எவர், எத்தனை மணி நேரத்துக்குள் நேரிற் சென்று பார்க்கவேண்டும் என்பதையும் விதிகளிலேயே எழுதிவைத்தல் வேண்டும்.